கொண்டை ஊசி வளைவில் நின்றுபோன திரை

கேம் ஆடுவதற்காக ஒருவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தால், உங்களில் சிலருக்கு உதட்டோரம் ஒரு சிரிப்பு வருவதைக் கவனித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்து மெஷின் என்றால் அவசரம். பத்திரம் டைப் அடிப்பவருடையது என்றால் அதைவிட அவசரம். கேம் என்றால், “ஓரமா வெச்சிட்டுப் போங்க, பாக்கலாம்.”

நான் ஓய்வு பெற்று நம் ரிப்பேர் கடையை விட்டு வந்தாலும் அவ்வப்போது எட்டிப்பார்ப்பதுண்டு. ஒருநாள் முதலாளி போன் செய்தார். “புதுசா சேந்த புள்ளைங்களுக்கு உங்க அனுபவத்துல இருந்து எதனா எழுதிக் குடுங்கக்கா” என்றார். யோசித்துப் பார்த்தேன். இடி விழுந்து ஓர் அலுவலகமே இருண்டுபோன நாள், தேர்வு முடிவு வரும் காலையில் படுத்துக்கொண்ட மெஷின்கள் என்று எத்தனையோ இருக்கின்றன. ஆனால் கையைப் பிடித்து இழுத்தது ஒரு கேம்தான். அதையே எழுதுகிறேன். ரேமை எப்படிச் சொருகுவது, எந்த பட்டனை அழுத்துவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆடி மாதம். காலையில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் அலமேலு வந்தாள். கல்வராயன் மலைக்காரி, வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். இங்கே கள்ளக்குறிச்சியில் ஓர் இன்ஜினீயரிடம் வீட்டு வரைபடம் போடும் வேலை. கணவனுக்கு வெளியூரில் வேலை என்பதால் ஏமப்பேரில் ஒரு வாடகை வீட்டில் மகள் யாழினியோடும் அண்ணன் கோவிந்தனோடும் இருந்தாள். கடைக்கு வந்தவள் கையில் மெஷின் இல்லை.

“மெஷின் எங்கம்மா?”

“எடுத்துக்கினு வரலக்கா. இங்க வெச்சிப் பாத்தா நல்லாதான் இருக்கும். எங்கண்ணன் ஓட்டசொல்லதான் நிக்கிது. நீங்க வூட்டுக்கு வந்து பாக்கணும்.”

“இன்னா கேமு?”

“லாரி ஓட்டற கேமு.”

வேறு ஒரு கடையில் முன்பே கேட்டிருக்கிறாள். கிராபிக்ஸ் கார்டை மாற்றச் சொன்னார்களாம். மாற்றிவிட்டாள். அப்படியும் நிற்கிறது.

“எப்பல்லாம் நிக்கிது?”

“எப்பல்லாம் இல்லக்கா. ஒரே எடத்துலதான்.”

அதைக் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நான் விழுப்புரத்தில் தொழில் கற்ற கடையில் ஒரு சீனியர் இருந்தார். பேரை எழுதினால் திட்டுவார், வேண்டாம். அவர் சொல்லுவார்: “மூடிய தொறக்கறதுக்கு முன்னாடி, கஷ்டப்படறவன் பக்கத்துல போயி கொஞ்ச நேரம் உக்காரு. பாதி கோளாறு அங்கயே தெரியும்.” திருப்புளியைத் தொடாமல் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், ஏதோ சோம்பேறித்தனம் என்றுதான் வெளியாள் நினைப்பான். என் வேலைக்காலம் முழுக்க என்னைக் காப்பாற்றியது அந்தச் சோம்பேறித்தனம்தான்.

ஏமப்பேர் வீட்டில் முன்னறையிலேயே மெஷின் இருந்தது. மேசை விளிம்பில் பழைய கேமிங் ஸ்டியரிங் ஒன்றை இறுக்கிக் கட்டி, கீழே பெடல் வைத்திருந்தார்கள். எதிரே கோவிந்தன். முப்பத்தைந்து வயது இருக்கலாம். திடமான ஆள். எழுந்து நின்று வணக்கம் சொன்னபோது இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்தார். நான் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, “நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க, நான் சும்மா பாக்கறேன்” என்றேன்.

திரையில் வெள்ளிமலை விரிந்தது.

ஏதோ ஒரு மலை என்று எண்ணிவிடாதீர்கள். நம் வெள்ளிமலையேதான். கடைத்தெரு, பஸ் திரும்பும் இடம், தகரக் கூரை போட்ட டீக்கடை. மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய மினி லாரி ஒன்று ஓரமாக நின்றது. கோவிந்தன் அதைக் கிளப்பினார். சாலை இறங்கத் தொடங்கியது. நான் எத்தனையோ முறை பஸ்ஸில் போன பாதை. பாறை எங்கே துருத்திக்கொண்டிருக்கும், தடுப்புச் சுவர் எங்கே உடைந்திருக்கும், எந்த வளைவில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும் என்பது வரை அப்படியே இருந்தது. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இத யாரு பண்ணது?”

“நான்தாங்க்கா” என்றாள் அலமேலு. “மேப்பு நாமளே போட்டுக்கலாம் இந்த கேமுல. ஊருக்குப் போறப்பல்லாம் ஜன்னலாண்ட உக்காந்து போன்ல படம் புடிச்சிக்கினு வருவேன். வூட்டு பிளான் போடற மாதிரிதான, ஒவ்வொரு வளைவா போட்டேன்.”

வேலை முடிந்து வந்து, சோறாக்கி, பிள்ளையைத் தூங்கவைத்து, மிச்சமிருக்கும் நேரத்தில் ஒரு மலையைக் கட்டியிருக்கிறாள் இந்தப் பெண். பெரிய கம்பெனிகள் செய்த எத்தனையோ கேம்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றிலெல்லாம் வராத ஒரு புல்லரிப்பு அன்றைக்கு வந்தது.

கோவிந்தன் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன் அடித்தார். எதிரே வண்டியே இல்லாத கேமில் ஹாரன். பாதி இறக்கம் வந்திருக்கும். ஒரு கொண்டை ஊசி வளைவு. வலப்பக்கம் மலைச்சுவர் முடிந்து சட்டென்று பள்ளத்தாக்கு திறக்கும் இடம். தூரத்தில் கோமுகி அணையின் தண்ணீர் ஒரு கோடாக மின்னியது. அவர் கியரைக் குறைத்தார், ஹாரன் அடித்தார், ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

திரை நின்றுவிட்டது.

ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம்தான். மறுபடி அசைந்தபோது லாரி தடுப்புச் சுவரைத் தாண்டிப் பள்ளத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. கோவிந்தன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

அலமேலு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“இந்த வளைவுதான்கா. கெழங்கு லோடு ஏத்திக்கினு மழையில எறங்கிக்கினு இருந்தாரு. ஸ்டியரிங்க திருப்பினாராம், வண்டி திரும்பவே இல்லியாம். வழுக்கிக்கினு போயி ஒரு மரத்துல மாட்டித் தொங்கிச்சு. மேலருந்து கயிறு வுட்டுதான் தூக்கினாங்க. கால்ல கம்பி வெச்சி கால் முக்காவாசி சரியாப்போச்சி. ஆனா பஸ்சு பரிகம் தாண்டி மலை ஏற ஆரம்பிச்சா அங்கயே எறங்கிடறாரு. ஆஸ்பத்திரில கொஞ்சங்கொஞ்சமா பழக்கணும்னாங்க. அதுக்குதான் இந்த மேப்பு.”

“ஊருக்குப் போயே ஆவணுமா?”

“யாழினிக்குக் காது குத்தணும்கா. எங்க கோயிலு மலையிலதான இருக்குது. போன ஆடியும் தள்ளிப்போட்டோம். வேற யாரு மடியிலயாவது வெச்சி குத்திடலாம்னு பெரியவங்க சொல்றாங்க. தாய்மாமன் உயிரோட இருக்கசொல்ல நான் எதுக்கு வேற மடி தேடணும்?”

தோட்டத்துப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, “அவருக்கு வளைவு பயம் இல்லக்கா. திருப்பியும் திரும்பாம போவுது பாருங்க, அதான் பயம். கேமும் அதே எடத்துல அதையேதான் செய்யிது” என்றாள்.

நான் பார்த்த வேலைகளில் கோளாறை இத்தனை துல்லியமாக ஒரு வாடிக்கையாளர் சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாள் கோவிந்தன் மறுபடி உட்கார ஒப்புக்கொண்டார். இந்த முறை நான் திரையின் ஓரத்தில் மெமரி எவ்வளவு நிரம்புகிறது என்று காட்டும் கோட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன். லாரி இறங்க இறங்கக் கோடு ஏறிக்கொண்டே வந்தது. பள்ளத்தாக்கு திறக்கும் வளைவுக்குச் சற்று முன்பாகவே கூரையைத் தொட்டுவிட்டது. அதற்குமேல் இடமில்லை. மலை, காடு, அணை எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வரவேண்டிய இடத்தில், கம்ப்யூட்டர் சிலதைத் தூக்கி டிஸ்க்கில் போட்டுவிட்டு வேறு சிலதை எடுக்க ஓடியது. அந்த ஓட்டம்தான் அந்த நிறுத்தம். கிராபிக்ஸ் கார்டு பாவம், கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது.

மெமரியின் அளவு, வேகம் இரண்டையும் நீங்கள் குழப்பிக்கொள்வதுண்டு. பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை எவ்வளவு பெரியது என்பது அளவு. பரிமாறுகிறவர் கை எவ்வளவு சுறுசுறுப்பு என்பது வேகம். இலை சின்னதாக இருந்தால், ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் சமையற்கட்டுக்கு ஓடவேண்டும்; சமையற்கட்டுதான் டிஸ்க். அங்கே பரிமாறுகிறவர் எவ்வளவு வேகக்காரராக இருந்தும் பயனில்லை. இலை பெரிதாகிவிட்ட பிறகுதான் அவர் கையின் வேகம் தெரியவரும். ஒரே ரேம் குச்சிக்குப் பதில் இரண்டு குச்சி மாட்டினால், பந்தியின் இரண்டு பக்கமும் ஆள் நிற்கிற மாதிரி.

எனவே முதலில் இலை. கடையில் இருந்த ஒரு ரேமை எடுத்து, இருந்ததோடு சேர்த்து மாட்டினேன். வேறு கம்பெனி, வேறு ரகம். ஆனாலும் ஒத்துப்போனது. கோடு கூரையைத் தொடவில்லை. கோவிந்தன் ஓட்டினார். வளைவு வந்தது; திரை நிற்கவில்லை. லாரி திரும்பியது.

அலமேலு கை தட்டிவிட்டாள். கோவிந்தன் தட்டவில்லை.

“இன்னும் இருக்குதுக்கா” என்றார்.

“இன்னா இருக்குது?”

“நூலு மாதிரி. நிக்கல. ஆனா ஒரு எடத்துல கை முன்னாடி போவுது, வண்டி பின்னாடி வருது.”

நான் மறுபடி பார்த்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. ஒரு நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற எண் திரையின் மூலையில் தாராளமாகத்தான் இருந்தது. ஆனால் அது சராசரி. பெண்ணையாறு சராசரியாக முழங்கால் ஆழம் என்றால் நம்பி இறங்குவீர்களா? மணலூர்பேட்டைக்காரர் யாரிடமாவது கேட்டுப்பாருங்கள், மடு எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லுவார். நான் ஒவ்வொரு படத்துக்கும் ஆன நேரத்தைத் தனித்தனியாகக் கோடு போட்டுக் காட்டச் செய்தேன். அவர் சொன்ன அதே இடத்தில் ஒரு முள் நிமிர்ந்து நின்றது. கண்ணால் பிடிக்க முடியாத ஒன்றை அவருடைய இரண்டு உள்ளங்கைகள் பிடித்திருந்தன. உயிர் போய்த் திரும்பிய ஒரு கணம் மனுஷனுடைய உடம்பில் எவ்வளவு கூர்மையாகப் பதிந்துவிடுகிறது! வெகுநேரம் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி பரிமாறுகிறவர் கை. இரண்டு குச்சிகளும் தங்கள் முழு வேகத்தில் ஓடாமல், கம்ப்யூட்டர் தொடக்கத்தில் கொடுக்கும் பாதுகாப்பான சின்ன வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தன. நம் ஊரில் பாதி மெஷின்கள் அப்படித்தான் கிடக்கின்றன, வாங்கினவருக்கே தெரியாது. முழு வேகத்துக்கு ஏற்றிவிட்டேன்.

கோவிந்தன் ஓட்டினார். பள்ளத்தாக்கு ஒரு திரைச்சீலையை விலக்கின மாதிரி வழுக்கென்று திறந்தது. மறுபடி மேலே போய், மறுபடி இறங்கினார். முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

இதோடு டீ குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. ஜோடி சேராத இரண்டு குச்சிகள், முழு வேகம். மதியச் சாப்பாட்டுக்கு அவர்கள் எழுந்தபோது மெமரியைச் சோதிக்கும் நிரலை ஓடவிட்டேன். முதலில் ஒன்றுமில்லை. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து பார்த்தால், திரையில் சிவப்பு வரிகள். எழுதிவைத்ததை மெமரி அப்படியே திருப்பித் தரவில்லை. எங்கோ, எப்போதோ, ஒரு சின்னப் பிசகு.

இப்படிப்பட்ட பிசகு ஒரு மாதம் வராமல் இருக்கலாம். அடுத்த வளைவிலேயே மெஷின் நீலத்திரை போட்டுச் செத்துப்போகலாம். கோவிந்தனிடம் சொன்னேன்.

“நல்லாதான ஓடிச்சி? இப்பிடியே வுட்டுடுங்கக்கா” என்றார். குரலில் கெஞ்சல் இருந்தது. ஆடி கடைசி வெள்ளிக்குக் காது குத்து வைத்திருந்தார்கள். அதற்கு அதிக நாள் இல்லை. 

“ஓடும். என்னைக்காவது நிக்கும். எங்க நிக்கும்னு என்னால சொல்ல முடியாது.”

“எந்த வண்டியும் அப்பிடித்தாங்க்கா. நம்பித்தான் எடுக்கறோம்.”

“நம்பி எடுக்கறது வேற. பிரேக்ல கோளாறு இருக்குதுன்னு தெரிஞ்ச வண்டிய எடுப்பீங்களா?”

அவர் என்னை நேராகப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கிலிருந்து தாமே கையை எடுத்துவிட்டார். “எடுக்க மாட்டேன்” என்றார்.

நான் வேகத்தைக் குறைத்துப் பழையபடி வைத்தேன். முள் திரும்ப வந்தது.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? எனக்கு உடனே தோன்றியது சுலப வழிதான். அலமேலுவிடம், “அந்த வளைவுல மரத்தக் கொஞ்சம் கம்மி பண்ணிடலாமா? ரெண்டு மூணு பெரிய மரத்த எடுத்தாலே சுமை கொறையும்” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். “பாறைய எடுக்கச் சொல்லுங்க, புல்ல எடுக்கச் சொல்லுங்க. மரத்த எடுக்க மாட்டேன்கா. அந்த மரந்தான் எங்கண்ணன புடிச்சிக்கினு இருந்திச்சு.”

மரம் இருக்கவேண்டும் என்றால், அந்த மரத்துக்கு வேண்டிய மெமரியைத் தேடிக் கொண்டுவருவதுதான் என் வேலை.

ஒரே பெட்டியில் ஜோடியாக வரும், ஒன்றோடொன்று ஒத்துப்போகிற இரண்டு குச்சிகள் வேண்டும். சில காலமாக ரேம் கிடைப்பது எவ்வளவு பாடு என்று நீங்களே பார்க்கிறீர்கள். விழுப்புரத்தில் கேட்டேன், இல்லை. சென்னையில் சொல்லிவைத்தால் வர நாளாகும் என்றார்கள். அப்போதுதான் சங்கராபுரத்தில் கல்யாண ஆல்பம் போடுகிற ஸ்டுடியோக்காரர் நினைவுக்கு வந்தார். அவருடைய மெஷினை நான்தான் கட்டிக்கொடுத்தேன். முத்து மாதிரி ஜோடி ரேம் அதில் இருந்தது. ஆடியில் கல்யாணம் ஏது? மெஷின் சும்மாதானே கிடக்கும்.

பஸ் ஏறிப் போனேன். அவர் சட்டர் பாதி இறக்கிவிட்டு உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“காது குத்துக்குப் போட்டோகிராபர் கேப்பாங்க, வீடியோ கேப்பாங்க. ரேம் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதாங்க” என்று சிரித்தார். முழுக்கதையையும் கேட்டபின் சிரிப்பு போய்விட்டது. தாமே மெஷினை இழுத்து என் முன்னால் வைத்தார். “கயட்டிக்கோங்க. ஆவணி பொறக்கறதுக்குள்ள வந்துடட்டும், முகூர்த்தம் ஜாஸ்தி இருக்குது” என்றார்.

ஏமப்பேருக்குத் திரும்பி அந்த ஜோடியை மாட்டினேன். முழு வேகம். சோதனையை ஓடவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். வெயில் சாய்ந்தது. யாழினி பள்ளியிலிருந்து வந்து, என் மடியில் ஏறி, “இது இன்னா கேமு?” என்று கேட்டாள். “நம்பர் போவற கேமு” என்றேன். கொஞ்ச நேரம் ஆர்வமாகப் பார்த்துவிட்டு இறங்கிப்போனாள். சிவப்பு வரவே இல்லை. இரண்டாம் முறையும் முழுக்க ஓடவிட்டேன். வரவில்லை.

மறுநாள் காலையில் கோவிந்தன் உட்கார்ந்தார். அலமேலு அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். வெள்ளிமலையிலிருந்து லாரி இறங்கியது. ஹாரன். கியர். கொண்டை ஊசி வளைவு. மலைச்சுவர் விலக, அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு சிக்கலும் இல்லாமல் கண்முன்னே வந்து நின்றது. ஸ்டியரிங் எந்த அளவுக்குத் திரும்பியதோ, அந்த அளவுக்கு, அந்தக் கணமே, லாரி திரும்பியது.

வளைவு தாண்டியதும் சாலையோரம் கொஞ்சம் அகலமாக இருக்கும். அங்கே லாரியை நிறுத்தினார். ஹேண்ட் பிரேக் போட்டார். திரும்பி அந்த மரத்தைப் பார்த்தார். திரையில்தான். ஆனால் நாங்கள் மூன்று பேரும் மலையில்தான் நின்றோம்.

இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் மெமரியை நான் சாதாரணமாக எடுத்துக்கொண்டதில்லை. விரல் நீளத்தில் ஒரு பச்சைப் பலகை. அதற்குள் எண்ணி முடியாத நுண்ணிய கிண்ணங்கள்; ஒவ்வொன்றிலும் துளி மின்சாரம். அந்தக் கிண்ணங்கள் எல்லாமே ஒழுகுபவை. ஒழுகி மறந்துபோவதற்குள் மறுபடி மறுபடி நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும். கண் இமைப்பதற்குள் பல தடவை. சுவிட்சை அணைத்தால் ஒன்றுமே இல்லை. அந்த ஒழுகும் கிண்ணங்களில்தான் அன்றைக்குக் கல்வராயன் மலை நின்றுகொண்டிருந்தது, மரத்தோடும் அணையோடும். அதைப் பார்த்து ஒரு மனுஷன் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு எத்தனை முறை இறங்கினார் என்று எண்ணவில்லை. மதியம் எழுந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, உட்காராமல், நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அலமு. மழை போடு.”

அலமேலு என்னைப் பார்த்தாள். மழை போடும் வசதி கேமில் இருந்தது. அவள் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. மழை என்றால் மெஷினுக்கும் சுமைதான். ஒவ்வொரு துளி, ஈரச் சாலையில் ஒவ்வொரு பளபளப்பு, எல்லாவற்றுக்கும் மெமரி வேண்டும். “தாங்குமாக்கா?” என்று கேட்டாள். அவள் மெஷினைத்தான் கேட்டாளா, அண்ணனைத்தான் கேட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. கோட்டைப் பார்த்தேன். இடம் இருந்தது.

“போடும்மா” என்றேன்.

மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் ஆடியது. கோவிந்தன் நெற்றியில் வியர்வை நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்த கைகளில் நரம்பு புடைத்தது. வளைவில் லாரி பின்பக்கம் லேசாக வழுக்கியது. அவர் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் துளி திருப்பி, காலைத் தளர்த்தி, மறுபடி நேராக்கினார். லாரி சொன்னபடி கேட்டது. மரத்தை உரசாமல் தாண்டி இறங்கியது.

“வந்துடுச்சிக்கா” என்றார். “திருப்பினேன். வந்துடுச்சி.”

முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அலமேலு அவருடைய தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்து, தோட்டத்துப் பக்கம் போய் நின்றேன்.

ஆடி கடைசி வெள்ளிக்கு என்னையும் அழைத்தார்கள். கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். காலை பஸ். கோவிந்தன் டிரைவருக்குப் பின் சீட்டில், கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கச்சிராயபாளையம் தாண்டியதிலிருந்து சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். மலையடிவாரமான பரிகத்தில் பஸ் நின்றபோது அவர் எழுந்தார். அலமேலுவும் பையைத் தூக்கிக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள். எழுந்தவர் ஜன்னல் கண்ணாடியை நன்றாகத் திறந்துவிட்டு, மறுபடி உட்கார்ந்துகொண்டார். பஸ் ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் தரையை அழுத்துவதைப் பார்த்தேன். அந்த வளைவில் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். மரத்தைத் தாண்டும்போது கையை மட்டும் எடுத்து நெஞ்சில் ஒருமுறை வைத்துக்கொண்டார்.

கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார்ந்த யாழினி, ஊசியைப் பார்த்ததுமே மலை அதிரக் கத்தினாள். பொற்கொல்லர் ஒரு காதை முடித்து மறுகாதுக்கு வருவதற்குள் கோவிந்தனின் புதுச்சட்டையைப் பிய்த்துவிட்டாள். அவர் அவளுடைய காதில் ஊதிக்கொண்டே, “அவ்ளோதான் குட்டி, அவ்ளோதான், திரும்பிடுச்சி பாரு” என்றார். திரும்பியது என்ன என்று யாருக்கும் விளங்கவில்லை. அலமேலுவுக்கும் எனக்கும் மட்டும் விளங்கியது. கூட்டத்தில் பெரியவர்கள் சிலர் வந்து அவருடைய தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

சாயங்கால பஸ்ஸில் இறங்கினோம். இனிமேல்தான் எங்களுக்குப் பயம். விபத்து நடந்தது இறக்கத்தில். வானமும் மூடிக்கொண்டு வந்தது. பாதி வழியில் தூறல் விழுந்தது. டிரைவர் வைப்பரைப் போட்டார். அலமேலு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வளைவு நெருங்கியது. டிரைவர் கியரைக் குறைத்து, ஹாரனை நீளமாக அடித்தார். மலைச்சுவர் விலகியது. பள்ளத்தாக்கு முழுவதும் மழையோடு சேர்ந்து ஜன்னலுக்குள் வந்தது. பஸ் சாய்ந்து திரும்பியது.

நாங்கள் இருவரும் முன் சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கோவிந்தன் அசையவில்லை. பதறி, எழுந்து எட்டிப் பார்த்தோம்.

மடியில் யாழினி, காதில் புதுக் கம்மலோடு தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய தலைமேல் முகவாயை வைத்தபடி, வாய் கொஞ்சம் திறந்திருக்க, கோவிந்தனும் தூங்கிக்கொண்டிருந்தார். சாரல் அவருடைய தோளை நனைத்துக்கொண்டிருந்தது.

அலமேலு ஏதோ சொல்ல வாயெடுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு மெல்லக் கையை நீட்டி, அவரை எழுப்பாமல், ஜன்னல் கண்ணாடியை மூடினாள்.